ஐம்பது ரூபாய் அபராதமும் ஆயுள் தண்டனையும்

அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தபோது, நகர உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கத்தக்க பதினெட்டுப் பணிகள் பன்னிரண்டாவது அட்டவணையில் வரிசைப்படுத்தப்பட்டன. குடிநீர், சாலை, பொதுச் சுகாதாரம், இடுகாடு, சுடுகாடு ஆகியவற்றோடு பதினைந்தாவது இனமாக அங்கே இடம்பெற்றிருப்பது கால்நடைப் பட்டிகளும் விலங்கு வதைத் தடுப்பும் ஆகும். இதே விலங்கு வதைத் தடுப்பு ஏழாவது அட்டவணையின் பொதுப்பட்டியலிலும் இருக்கிறது. கால்நடைப் பாதுகாப்பும் கால்நடை மருத்துவமும் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஆக, ஒன்றிய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி என மூன்று அடுக்குகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பொறுப்பை நிறைவேற்றத் தேவையான நிதியைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் மூன்று அடுக்குகளும் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன.

நாடு முழுமைக்குமான அடிப்படைச் சட்டம் 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். அதன் 11-வது பிரிவு, விலங்கை அடிப்பது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது, நோயுற்ற விலங்கை வேலை வாங்குவது, உணவும் நீரும் இருப்பிடமும் தர மறுப்பது, பட்டினி கிடக்க நேரும் நிலையில் கைவிடுவது எனப் பல செயல்களைக் குற்றமாக்குகிறது. முதல் குற்றத்திற்கு விதிக்கப்படும் அபராதம் குறைந்தபட்சம் 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் அதே குற்றத்தைச் செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட தொகை இது. திருத்துவதற்கான வரைவு மசோதா ஒன்றை ஒன்றிய அரசு 2022 நவம்பரில் வெளியிட்டது. அது சட்டமாகவில்லை.

குஜராத்தில் 2017-ல் திருத்தப்பட்ட விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பசுவதைக்குக் குறைந்தபட்சம் பத்து ஆண்டுச் சிறை, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. ஒரே நாட்டில், விலங்குகளின் பெயரால் எழுதப்பட்ட சட்டங்களில் ஒன்றின் தண்டனை ஒரு வேளைத் தேநீர்ச் செலவு, மற்றொன்றின் தண்டனை ஒரு மனிதனின் வாழ்நாள். இந்த இரு துருவங்களுக்கு நடுவில் விலங்குகள் எப்படி வாழ்கின்றன, அவற்றோடு பிழைக்கும் உழைப்பாளிகள் எப்படி வாழ்கிறார்கள் என்பதே எழுப்பப்பட வேண்டிய கேள்வி.

கல்கத்தா, 1930

இந்தக் கேள்வி இடதுசாரி இயக்கத்திற்குப் புதியதல்ல. இந்தியாவில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டங்கள் முதலில் உள்ளூர்ச் சட்டங்களாகவே பிறந்தன. கல்கத்தாவில் 1861-ல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. வங்காள மாகாணம் 1869-ல் தனக்கென ஒரு சட்டம் இயற்றியது. முழு இந்தியாவுக்குமான சட்டம் 1890-ல்தான் வந்தது.

அந்தக் கல்கத்தாவில், கோடைக்காலத்து நண்பகல் வெயிலில் எருமை வண்டிகள் ஓடக் கூடாது என்று காலனி அரசு 1930-ல் தடை விதித்தது. உச்சி வெயிலில் எருமை படும் பாடு உண்மையானது. வியர்த்து உடலைக் குளிர்வித்துக்கொள்ளும் ஆற்றல் எருமைக்குக் குறைவு. ஆனால் அந்தத் தடை யார் தலையில் விழுந்தது? சரக்கின் சொந்தக்காரர்களான வணிகக் கம்பெனிகள் ஒரு காசும் இழக்கவில்லை. நண்பகலில் மூன்று மணி நேரம் வண்டி நின்றால் ஒரு நடைக் கூலி போய்விடும். அந்தக் கூலியை இழந்தவர்கள், பிழைப்புத் தேடி வந்து வண்டியோட்டிய ஏழைத் தொழிலாளர்கள். 1930 ஏப்ரல் 1 அன்று அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வண்டிகளை வீதிகளின் குறுக்கே நிறுத்திப் போக்குவரத்தை முடக்கினார்கள். போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. உயிர்கள் பலியாயின. அந்த வண்டித் தொழிலாளர்களைத் திரட்டியவர்களில் முன்னணியில் நின்றவர் கம்யூனிஸ்ட் தலைவர் அப்துல் மோமின்.

எருமைக்காக மனமிரங்கிய அரசு, எருமையை ஓட்டியவனைச் சுட்டது. இதைச் சொல்லி விலங்கு வதைத் தடுப்பையே மேல்தட்டினரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது தவறான முடிவாகும். எருமையின் துன்பமும் பொய்யல்ல, தொழிலாளியின் பசியும் பொய்யல்ல. இரண்டையும் உண்டாக்கியது ஒன்றே: இத்தனை நடைக்கு இவ்வளவுதான் கூலி என்று நிர்ணயித்த வணிக ஏற்பாடு. விலங்கின் ஓய்வுக்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு, உழைப்பாளியே ஏற்கட்டும் என்று காலனி அரசு பதிலளித்தது. விடுதலைக்குப் பிந்திய சட்டங்களும் பெரும்பாலும் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

ஒன்பது மணி நேரம்

1890-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வரக் காரணமானவர் நடனக் கலைஞரும் மாநிலங்களவை உறுப்பினருமான ருக்மிணி தேவி அருண்டேல். அவர் 1950-களில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவைத் தொடர்ந்தே நேரு அரசு 1960-ம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அச்சட்டத்தின்கீழ் 1962-ல் அமைக்கப்பட்ட விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமையகம் நீண்ட காலம் சென்னையில் இருந்து, பிறகு ஹரியானாவுக்கு மாற்றப்பட்டது.

அந்தச் சட்டத்தின்கீழ் 1965-ல் வகுக்கப்பட்ட, வண்டியிழுக்கும் விலங்குகளுக்கும் பொதி சுமக்கும் விலங்குகளுக்குமான விதிகள் கவனித்துப் படிக்க வேண்டியவை. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்திற்கு மேல் விலங்கை வேலை வாங்கக் கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியசைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது. கழுதையின் முதுகில் 50 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது.

இந்த எண்கள் தொழிலாளர் இயக்கத்தினருக்குப் பழக்கமானவை. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 54, 55-வது பிரிவுகளில் மனிதத் தொழிலாளிக்கும் இதே ஒன்பது மணி நேரமும், இடைவேளையின்றி ஐந்து மணி நேரம் என்ற இதே வரம்பும்தான் இருந்தன. தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற வேலை நேர வரம்பு மாட்டுக்கும் கழுதைக்கும் நீட்டிக்கப்பட்டது என்பது பெருமைப்படத்தக்கது. ஆனால் 2023-ல் கர்நாடகம் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, தொழிலாளியின் வேலை நாளை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழிசெய்தது. செங்கல் சூளையில் மண் சுமக்கும் கழுதையை 37 டிகிரி வெயிலில் நிறுத்தி வைக்க விதி இருக்கிறது. அதே சூளையில் கல் அறுக்கும் பெண்ணை 45 டிகிரியில் நிறுத்தி வைக்க அப்படி ஒரு கட்டாய விதி நாடு முழுமைக்கும் இல்லை. நடைமுறையில் கழுதைக்கும் ஓய்வில்லை, பெண்ணுக்கும் ஓய்வில்லை. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிடப்படும்வரை, முன்பணக் கடனில் குடும்பம் கட்டுண்டு கிடக்கும்வரை, கழுதைக்கான விதி காகிதத்தில்தான் இருக்கும்.

சட்டத்தின் கண்ணில் படுபவர்களும் படாதவர்களும்

தெருவில் மாட்டு வண்டி ஓட்டுபவர் சட்டத்தின் கண்ணில் உடனே படுகிறார். 11-வது பிரிவின் மற்றொரு கூறு, விலங்கு நியாயமான அளவு அசைய இடமில்லாத கூண்டில் அதை அடைப்பதையும் குற்றம் என்கிறது. முட்டைக் கோழிகளை இறக்கை விரிக்கக்கூட இடமில்லாத கம்பிக் கூண்டுகளில் வாழ்நாள் முழுதும் அடைத்து வைக்கும் பெருந்தொழில் இதே நாட்டில்தான் வளர்ந்தது. இந்தக் கோழிகளின் இருப்பிட நிலை குறித்துச் சட்ட ஆணையம் 2017 ஜூலையில் தனது 269-வது அறிக்கையையே அளிக்க நேர்ந்தது. எண்ணிக்கையில் பார்த்தால் நாட்டின் மிகப் பெரிய விலங்கு வதை இத்தகைய கொட்டகைகளுக்குள்தான் நடக்கிறது. அங்கே எந்தக் காவலரும் சாட்டையைப் பிடுங்கப் போவதில்லை. 50 ரூபாய் அபராதம் என்பது வண்டியோட்டிக்கு ஒரு தொல்லை, லஞ்சம் கேட்க ஒரு சாக்கு. மூலதனத்திற்கு அது கணக்கில் எழுதக்கூடத் தேவையில்லாத சில்லறை.

மாவட்டந்தோறும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் அமைக்கப்பட வேண்டும் என்று 2001-ம் ஆண்டு விதிகள் கட்டளையிடுகின்றன. பல மாவட்டங்களில் அந்தச் சங்கம் பெயரளவில்தான் உள்ளது. மருத்துவமனையோ, விலங்குகளை ஏற்றிச்செல்லும் வண்டியோ, ஊழியரோ இல்லாத சங்கத்தால் வழக்குப் போட மட்டுமே முடியும். காயம்பட்ட மாட்டுக்கு மருந்திட முடியாது.

பசுவின் பெயரால்

சட்டம் பல்லில்லாமல் கிடக்கும் இடம் அது. பல்லோடு பாயும் இடம் வேறு. உத்தரப் பிரதேசம் 2020-ல் தன் பசுவதைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, தண்டனையைப் பத்தாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று உயர்த்தியது. உயிருக்கு ஆபத்து நேரும்படி பசுவுக்குத் தீவனமும் தண்ணீரும் தராமலிருப்பதற்கு ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை என்ற பிரிவும் சேர்க்கப்பட்டது. அதே மாநில அரசு, தெரு மாடுகளை அடைத்து வைக்கும் காப்பகங்களுக்கு ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 30 ரூபாய் கொடுத்துவந்தது. 2023-ல்தான் அது 50 ரூபாயாக உயர்ந்தது. வைக்கோல் விற்கும் விலையில் இந்தத் தொகைக்கு ஒரு மாட்டின் வயிறு நிறையாது என்பது மாடு வளர்த்த எவருக்கும் தெரியும். தீவனம் தராத ஏழைக்கு ஏழாண்டுச் சிறை. தீவனத்திற்குப் போதிய பணம் தராத அரசுக்கு எந்தத் தண்டனையும் இல்லை.

ஒன்றிய அரசு இன்னும் ஒரு படி மேலே போனது. வதைத் தடுப்புச் சட்டத்தையே கருவியாக்கி, 2017 மே 23 அன்று கால்நடைச் சந்தை விதிகளை அறிவித்தது. சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்கவும் வாங்கவும் தடை. பசுவோடு எருமையும் ஒட்டகமும்கூட இதில் அடங்கின. ஒரு வாரத்திற்குள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் நீட்டித்தது. 2018-ல் ஒன்றிய அரசு அந்தத் தடையில்லாத புதிய வரைவு விதிகளை வெளியிட நேர்ந்தது. அதே 2017-ல் வந்த மற்றொரு விதித் தொகுப்பு, கைப்பற்றப்பட்ட மாடுகளை வழக்கு முடியும்வரை கோசாலைகளில் வைத்திருக்கவும், அதற்கான செலவை உரிமையாளரிடமே வசூலிக்கவும் வழிசெய்தது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பிறகே விலங்கைப் பறிமுதல் செய்யலாம் என்று மூலச்சட்டத்தின் 29-வது பிரிவு சொல்வதற்கு இது முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் சுட்டிக்காட்டியது.

விதிகள் பின்வாங்கினாலும் தெருவில் அவற்றின் ஆவி உலவுகிறது. ஹரியானாவின் நூஹ் பகுதியைச் சேர்ந்த பால் விவசாயி பெஹ்லு கான், ஜெய்ப்பூர்ச் சந்தையில் கறவை மாடுகளை வாங்கித் திரும்புகையில் 2017 ஏப்ரல் 1 அன்று ஆல்வார் மாவட்டம் பெஹ்ரோரில் அடித்து நொறுக்கப்பட்டு, இரண்டு நாட்களில் உயிரிழந்தார். குற்றம்சாட்டப்பட்ட ஆறு பேரும் 2019 ஆகஸ்டில் கீழ் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டனர். பால் கறக்கக் கொண்டுசென்ற மாடுகளுக்காக ஒரு விவசாயியைக் கொன்றவர்கள் தங்களை விலங்கின் காவலர்கள் என்று அழைத்துக்கொள்கிறார்கள். விலங்கு நலத்தோடு இதற்கு எந்த ஒட்டும் உறவும் இல்லை. முஸ்லிம்களையும் தலித்துகளையும் அச்சத்தில் வைத்திருப்பதும், கால்நடை வணிகத்தில் கட்டாய வசூல் நடத்துவதுமே இதன் நோக்கமும் வருமானமும்.

கைவிடப்படும் மாடுகள்

சிறு விவசாயியின் வீட்டில் மாடு ஒரு சேமிப்பு. பால் வற்றிய பசுவையும் காளைக்கன்றையும் சந்தையில் விற்றுக் கிடைக்கும் பணத்தோடு கொஞ்சம் கடன் சேர்த்து அடுத்த கறவை மாடு வாங்கப்படுகிறது. இந்தச் சுழற்சியில் தரகரும், இறைச்சிக் கடைக்காரரும், தோல் பதனிடும் தொழிலாளியும் அடங்குவர். 1958-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பொருளாதாரத்தை ஓரளவு புரிந்துகொண்டிருந்தது. பசுவதைத் தடை செல்லும் என்ற அதே தீர்ப்பில், உழைக்கவோ இனப்பெருக்கத்திற்கோ உதவாத எருதுகளையும் காளைகளையும் அறுக்க முழுத் தடை விதிப்பது நியாயமற்றது என்றது. 2005-ல் ஏழு நீதிபதிகள் அமர்வு, குஜராத் வழக்கில், அந்த நிலையை மாற்றி முழுத் தடையை ஏற்றது.

விற்க முடியாத மாட்டை விவசாயி என்ன செய்வார்? இரவில் அவிழ்த்து விடுவார். 2019-ம் ஆண்டின் 20-வது கால்நடைக் கணக்கெடுப்பு, நாட்டில் சுமார் 50 லட்சம் தெரு மாடுகள் இருப்பதாகக் கணக்கிட்டது. அவற்றில் ஏறத்தாழ பாதி இரு மாநிலங்களில் திரிந்தன: ராஜஸ்தானில் 12.7 லட்சம், உத்தரப் பிரதேசத்தில் 11.8 லட்சம். நாடு முழுவதும் தெரு மாடுகள் 2012-ஐ விடச் சற்றுக் குறைந்திருந்த அதே காலத்தில், உத்தரப் பிரதேசத்தில் 17 சதவீதம் பெருகியிருந்தன. அங்கே விவசாயிகள் குளிர்கால இரவுகளில் கோதுமை வயலுக்குக் காவல் கிடக்கிறார்கள். பயிரைக் காக்கக் கட்டிய முள்கம்பியில் மாடுகள் கிழிபடுகின்றன. நெடுஞ்சாலையில் லாரி மோதி மாடும் சாகிறது, இருசக்கர வண்டியில் வந்தவரும் சாகிறார். 1960-ம் ஆண்டுச் சட்டம் கைவிடுதலைக் குற்றம் என்கிறது. மாநிலச் சட்டமோ கைவிடுதலைத் தவிர வேறு வழியில்லாமல் செய்கிறது. மாட்டைப் பட்டினியில் தள்ளுவது பக்தியின் பெயரால் எழுதப்பட்ட சட்டம்தான்.

2022-ல் தோல் கழலை நோய் பரவியபோது ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மாடுகள் மாண்டன. அதிகம் இழந்த மாநிலம் ராஜஸ்தான். கிராமங்களில் கால்நடை மருத்துவர் இல்லை, தடுப்பூசி வேளைக்கு வந்து சேரவில்லை. பசுவுக்காகக் கொலையும் செய்யத் துணிந்த கும்பல்கள், கால்நடை மருந்தகங்களில் மருத்துவரை நியமிக்கக் கோரி ஒருநாளும் போராடியதில்லை.

தெருநாயும் நகராட்சியும்

நகரங்களில் இந்தப் பிரச்சினை நாயின் வடிவில் வருகிறது. தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடுவது உள்ளாட்சியின் கடமை என்று 2001-ம் ஆண்டு விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2023-ல் வந்த விதிகளும் கூறுகின்றன. 2019 கணக்கெடுப்பின்படி தெருநாய்கள் சுமார் 1.53 கோடி. நாய்களில் 70 சதவீதத்திற்குத் தடுப்பூசி போட்டால் வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. வழி தெரிந்த நோய்க்கு இன்றும் குழந்தைகள் பலியாகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் குடிசைப் பகுதிகளிலும் கிராமங்களிலும் வாழும் ஏழைகளின் பிள்ளைகள்.

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தில்லியின் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. இரண்டு உத்தரவுகளுக்கும் நடுவே தொலைக்காட்சிகளில் நாய் நேசர்களும் நாய் எதிர்ப்பாளர்களும் மோதிக்கொண்டார்கள். கடந்த இருபது ஆண்டுகளாகக் கருத்தடைக்கு எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது, எத்தனை மருத்துவர்கள் நியமிக்கப்பட்டார்கள், நாய்களுக்கு உணவாகும் குப்பைமேடு ஏன் அகற்றப்படவில்லை என்ற கேள்விகள் அந்தக் கூச்சலில் அமுங்கின. குப்பை அள்ளுவதை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்து, நிரந்தரத் துப்புரவுப் பணியிடங்களை ஒழித்த நகராட்சியில் நாய்த்தொல்லை பெருகுவது இயல்பு.

மாற்று வழிக்குக் கேரளம் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் உள்ளாட்சிகளோடு சேர்ந்து பல மாவட்டங்களில் நாய்களுக்கான கருத்தடைத் திட்டத்தை நடத்தின. விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் இல்லை என்ற காரணத்தால் 2021-ல் அது நிறுத்தப்பட்டது. உள்ளாட்சிக்குப் பொறுப்பைக் கொடுத்து, நிதியைக் கொடுக்காமல், சொந்த முயற்சியில் செய்தால் அங்கீகாரத்தையும் மறுக்கும் மையப்படுத்தல் இது.

என்ன கோர வேண்டும்

விலங்கின் துன்பத்தைக் குறைக்கும் செலவைச் சமூகம் ஏற்க வேண்டும், அதை ஏழை உழைப்பாளியின் முதுகில் ஏற்றக் கூடாது. இதுவே இடதுசாரிகளின் அடிப்படை நிலைப்பாடாக இருக்க முடியும். இதிலிருந்து சில தெளிவான கோரிக்கைகள் பிறக்கின்றன.

முதலாவது, 1960-ம் ஆண்டுச் சட்டத்தின் தண்டனைகள் திருத்தப்பட வேண்டும். அபராதம் குற்றவாளியின் வருமானத்திற்கும் இலாபத்திற்கும் ஏற்ப அமைய வேண்டும். கூலிக்கு வண்டியோட்டுபவருக்கும் பல லட்சம் கோழிகளைக் கூண்டில் அடைக்கும் நிறுவனத்திற்கும் ஒரே தொகை நீதியாகாது.

இரண்டாவது, விலங்கை வேலையிலிருந்து விடுவிக்கும் எந்த உத்தரவும் அதை நம்பி வாழ்ந்தவரின் மறுவாழ்வோடு சேர்ந்தே வர வேண்டும். மும்பையில் உல்லாசப் பயணக் குதிரை வண்டிகளைச் சட்டவிரோதம் என்று 2015-ல் அறிவித்த உயர் நீதிமன்றம், அத்தொழிலாளர்களுக்கு மறுவாழ்வுத் திட்டம் வகுக்கவும் மாநில அரசுக்கு உத்தரவிட்டது. இது எல்லா இடத்திலும் விதியாக வேண்டும்.

மூன்றாவது, கால்நடை வணிகத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டங்கள் நீக்கப்பட வேண்டும். சந்தைகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும். தடை நீடிக்கும் மாநிலங்களில், பயனற்ற மாடுகளைச் சந்தை விலைக்கு அரசே வாங்கிப் பராமரிக்கட்டும், பயிர் இழப்புக்கும் ஈடு தரட்டும். பசு புனிதம் என்று சொல்லும் அரசு அதன் முதுமைக்கான செலவை விவசாயியிடம் தள்ளக் கூடாது.

நான்காவது, காலியாக உள்ள கால்நடை மருத்துவர், ஆய்வாளர், உதவியாளர் பணியிடங்கள் நிரந்தரமாக நிரப்பப்பட வேண்டும். நாய்களுக்கான கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் ஒன்றிய அரசும் மாநில அரசும் உள்ளாட்சிக்குத் தனி நிதி தர வேண்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும்.

இவற்றில் பல, வார்டு மட்டத்திலேயே தொடங்கத் தக்கவை. நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் பதினைந்தாவது இனத்திற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, அதில் எவ்வளவு செலவானது, கருத்தடை மையம் இயங்குகிறதா, மாட்டுப்பட்டியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று இடதுசாரி உறுப்பினர்கள் மன்றத்தில் கேட்க முடியும். விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் கால்நடை மருந்தகத்தின் முன் மக்களைத் திரட்ட முடியும். சூளையிலும் சந்தையிலும் தொழிற்சங்கம் நுழையும்போது தொழிலாளியின் வேலை நேரத்தோடு கழுதையின் வேலை நேரமும் பேரப் பட்டியலில் இடம்பெற முடியும். இந்தக் களத்தை இடதுசாரிகள் காலியாக விட்டால், பசுவின் பெயரால் தடியெடுத்தவர்களே விலங்குகளின் காவலர்களாக உரிமை கொண்டாடுவார்கள். மாடுகள் மட்டும் நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் பைகளைத் தின்றுகொண்டிருக்கும்.